சின்ன கேமராவுக்கு ஒரு பை: ஏழு மழைக்காலத்துக்குப் பிறகு

2021இல் பரணிலிருந்து என் முதல் கேமராப் பையை இறக்கி, அதன் மழை உறையைப் பிரித்தேன். பிரியவில்லை. மடித்து வைத்தபடியே ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் உள்பக்கத்துப் பூச்சு வெல்லப்பாகு மாதிரி விரலோடு வந்தது. கடைக்காரர் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று தட்டிக்காட்டி விற்ற பை அது. ஊரடங்கில் ஒன்றரை வருடம் யாரும் தொடவில்லை. துணிக்குப் பின்னால் பூசும் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்துவிடும் என்று பிறகுதான் படித்தேன். மும்பையின் செம்பூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? இதைவிடப் பெரிய நஷ்டம் பைக்குள்ளே இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் சாமான்கள். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி20 கேமரா, பேட்டரியோடு 383 கிராம். அதோடு 23, 35, 50 மில்லிமீட்டர் எஃப்2 லென்ஸ்கள் மூன்று: 180, 170, 200 கிராம். எல்லாம் சேர்ந்தும் ஒரு கிலோ தாண்டாது. இந்த மூன்று லென்ஸும் தூறலைத் தாங்கும்படி செய்தவை. கேமரா அப்படி இல்லை. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைக் காப்பாற்ற வேண்டிய வேலை முழுக்கப் பையுடையதுதான்.

2018இல் ஃபோர்ட் பகுதியின் போரா பஜாரில் கேமரா வாங்கியபோது, கூடவே கடைக்காரர் தலையில் கட்டியதுதான் அந்த முதல் பை. கறுப்பு, தடித்த மெத்தை, முகப்பில் கொட்டை எழுத்தில் கம்பெனிப் பெயர். வெளியே பார்த்தால் டிபன் கேரியர் அளவு. உள்ளே கை விட்டால் சுவரெல்லாம் பஞ்சு, சாமானுக்கு இடமில்லை. பெரிய கேமராக்களுக்காகப் போட்ட அச்சைக் கொஞ்சம் சுருக்கிச் சின்னதென்று விற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். மெத்தையை மட்டும் யாரும் சுருக்குவதில்லை. ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் காலை எட்டரை மணிக்குக் குர்லாவில் கூட்டம் ஏறும்போது, இடுப்பிலிருந்து ஒரு சாண் துருத்திக்கொண்டிருக்கும் பை எத்தனை பேருடைய வாயில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அதன் வெல்க்ரோ தனிக் கதை. மாதுங்காவில் அத்தைக்கும் மாமாவுக்கும் சஷ்டியப்தபூர்த்தி. சாஸ்திரிகள் ‘எல்லோரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்கோ’ என்று சொன்ன அந்த ஒரு நிமிஷத்தில்தான் லென்ஸ் மாற்றலாம் என்று மூடியைத் திறந்தேன். கூடம் முழுக்கக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து வெல்க்ரோ மூடி உள்ள எந்தப் பையையும் நான் வாங்குவதில்லை.

இரண்டாவது, முதுகுப்பை. 20 லிட்டர். இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பயணத்துக்கு நல்லது, தெருவில் படமெடுக்க ஆகாது. தாதர் மேற்கில் விடியற்காலைப் பூ மார்க்கெட்டில் லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் பையைக் கழற்றி எங்காவது வைத்தாக வேண்டும். தரை முழுக்கத் தண்ணீரும் மிதிபட்ட சாமந்தியும். மூன்று மாதம் ஒரே லென்ஸில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அதுவே எனக்குப் பிடித்த பாணி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் குனிய சோம்பல். பை இப்போது தம்பியின் லேப்டாப்புக்குப் போய்விட்டது.

மூன்றாவது, மார்புக்குக் குறுக்கே போடும் ஸ்லிங். கையாள இதைப் போல எளிதாக எதுவும் இருந்ததில்லை. முதுகிலிருந்து முன்னால் இழுத்தால் ஜிப் கைக்கு நேரே வரும். பையின் மேல்பக்கமே சின்ன மேசை மாதிரி, கழற்றிய லென்ஸை ஒரு நொடி அதன் மேல் வைக்கலாம். லோக்கலிலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். ஒன்றரை வருடம் சந்தோஷமாகவே இருந்தேன். குறை என்னவென்றால் தண்ணீர் பாட்டிலுக்கும் குடைக்கும் அதில் இடமில்லை. அதற்காக இன்னொரு துணிப்பை, ஆக இரண்டு தோளிலும் இரண்டு பை. கடைசியில் மஸ்ஜித் ஸ்டேஷன் படிக்கட்டில் பட்டையின் பிளாஸ்டிக் கொக்கி ‘டக்’ என்று உடைந்தது. பை விழுமுன் முழங்காலால் தடுத்துவிட்டேன். முழங்கால் ஒரு வாரம் வலித்தது, கேமரா பிழைத்தது. தயாரித்தவர்களுக்கு எழுதினால் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில். கொக்கி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டதற்கு அந்த இரண்டு வரியும் இல்லை.

அப்புறம்தான் வேறு மாதிரி யோசித்தேன். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் பைகள் 1973இல் மீன்பிடிக்கிறவர்களுக்காகத் தைக்கப்பட்டவை. நியூயார்க் புகைப்படக்காரர்கள் அவற்றை வாங்கிக் கேமரா வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த பிறகே அந்தக் கம்பெனி கேமராப் பை பக்கம் வந்தது. அமெரிக்காவில் ஜிம் டோம்கி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், 1970களின் நடுவில், தன் வேலைக்குத் தோதாக மெத்தை அதிகமில்லாத கேன்வாஸ் பையைத் தானே வடிவமைத்தார். இரண்டையும் வாங்க எனக்கு ஆசைதான். விலையைப் பார்த்தால் அதில் இன்னொரு லென்ஸ் வாங்கிவிடலாம். ஆனால் விஷயம் புரிந்தது. முதலில் அது ஒழுங்கான பையாக இருக்க வேண்டும். மெத்தையைத் தனியாக உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

மெத்தை வைத்த உள்பெட்டிகள், இன்சர்ட் என்று, தனியாகவே கிடைக்கின்றன. எந்த அளவு வாங்குவது? இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழியுங்கள். வீட்டிலிருந்த ஒரு ஸ்வீட் டப்பாவை வெட்டி, ஒட்டி, சாமான்களை வைத்துப் பார்த்தேன். கேமராவை லென்ஸ் கீழே பார்க்கும்படி இறக்க வேண்டும், அப்போதுதான் எடுக்கும்போது பிடி நேராகக் கைக்கு வரும். கேமரா உடம்பின் தடிமன் 41 மி.மீ., 23 லென்ஸின் நீளம் 52 மி.மீ., ஆக ஆழம் ஒன்பதரை சென்டிமீட்டர் போதும். பக்கத்தில் 50ஐக் கீழேயும் 35ஐ மேலேயும் நடுவில் ஒரு தடுப்போடு அடுக்கினால் பத்தரை வருகிறது. கொஞ்சம் தாராளமாக வைத்தால் 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 13 ஆழம். கையில் இருந்த பைகள் எல்லாவற்றிலும் நீளம் தாராளமாகவும் ஆழம் போதாமலும் இருந்தது ஏன் என் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை. லென்ஸைப் படுக்கவைத்தே பழகிவிட்டேன் போல.

அளக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது கேமராவோடு வந்த கழுத்துப் பட்டை. அதைக் கழற்றிவிட்டு மணிக்கட்டில் மாட்டும் சின்னக் கயிறு போட்டதும் ஒரு லென்ஸ் வைக்கிற இடம் கிடைத்தது. பை மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். செலவு மிச்சமாகலாம்.

பையைத் தைத்தது தாராவியில், பை தைக்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. தொண்ணூறு அடி ரோட்டில் தமிழ்ப் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கல் பொங்குவதைப் படமெடுக்கப் போன இடத்தில் பழக்கம். ஸ்வீட் டப்பாவை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இதுக்குள்ள லட்டா வைக்கப் போறிய?’ என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே கேட்டார்: ‘அடியில ரெக்சின் கொடுத்துருதேன் தம்பி. ஈரத் தரையில வைப்பியள்லா?’ மெழுகு பூசிய கேன்வாஸ் கேட்டேன். மே மாத வெயிலில் சட்டையில் ஒட்டும் என்று மறுத்துவிட்டார். பட்டைக்குப் பிளாஸ்டிக் கொக்கியே கிடையாது, இரும்பு வளையம். 32 சென்டிமீட்டர் நீளப் பையில் ஒரு பக்கம் இன்சர்ட், மறு பக்கம் பாட்டிலும் மடக்குக் குடையும். மொத்தம் 1,800 ரூபாய், இன்சர்ட் தனி.

இதோடு மூன்று வருடமாகிறது. காய்கறிப் பை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அதுவே பாதிப் பாதுகாப்பு. முதலில் வெறும் மூடி மட்டும் இருந்தது. தாதர் பாலத்துக் கூட்டத்தில் ஒருநாள் மூடிக்கடியில் யாருடைய கையோ நுழைந்ததை உணர்ந்தேன். அடுத்த வாரமே பித்தளை ஜிப் வைக்கச் சொன்னேன். அது ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்து இறுகிவிட்டது. மெழுகுவத்தியை எடுத்துப் பல்லில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

குறை இல்லாமலில்லை. கேன்வாஸ் நனைந்தால் கனக்கும். ஜூலையில் ஃபேனுக்கடியில் தொங்கவிட்டும் காய இரண்டு நாள், கூடவே ஊறப்போட்ட கோணிச் சாக்கு வாசம். அதனால் பலத்த மழை நாளில் இன்சர்ட்டை மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இட்டுப் பைக்குள் வைக்கிறேன். பார்க்க அசிங்கம், ஆனால் ஒருமுறையும் ஈரம் புகவில்லை. பட்டையின் தையல் ஒருமுறை விட்டுப்போய் மறுபடி போட்டாயிற்று. இன்சர்ட்டின் ஒரு சுவர் தொய்ந்துவிட்டது. அதற்கு ஒரு அட்டையைச் செருகியிருக்கிறேன்.

சரி, முதல் பைக்குள் கிடந்த நஷ்டம். அதில் என் 18-55 ஜூம் லென்ஸ் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் முன்கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. இருட்டு, காற்றோட்டமின்மை, ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் மெத்தை. பூஞ்சை வளர்ப்பதற்கென்றே ஒரு பெட்டி செய்தால் அது கேமராப் பை மாதிரிதான் இருக்கும். சுத்தம் செய்யக் கேட்ட கூலிக்கு மனம் வராமல் அப்படியே விற்றுவிட்டேன். இப்போது வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுகிறேன். உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் போதும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை வறுத்துப் போட வேண்டும்.

இதனால் வாரத்தில் ஐந்து நாள் பை காலியாகவே இருக்கிறது. இதை எழுதும் இந்த நேரம் அது அம்மாவோடு மாதுங்கா மார்க்கெட்டில் இருக்கிறது. முருங்கைக்காய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். அண்ணாச்சியிடம் அடுத்த பையை இன்னும் ஒரு அங்குலம் உயரமாகத் தைக்கச் சொல்லியிருக்கிறாள்.