டைரக்டர்ஸ் கப் தரப்படுத்தல்: ஹட்டன் வலயத்துக்கு எடுத்துப் போட்டால் தாங்குமா?

இலங்கையில் ஒரு கல்வி வலயத்துப் பாடசாலைகள் மோதும் வலயப் போட்டிகளில் கிண்ணம் விளையாட்டுக்கு விளையாட்டு தனித்தனியாகத்தான் போகும். கரப்பந்தாட்டம் ஒரு பாடசாலைக்கு, மெய்வல்லுநர் இன்னொன்றுக்கு, சதுரங்கம் வேறொன்றுக்கு. 'அப்போ மொத்தத்தில யாரு பெரிசு?' என்ற கேள்வி மட்டும் பஸ் ஏறும் வரைக்கும் தீராது. அமெரிக்கக் கல்லூரிகள் இதே கேள்விக்கு முப்பது வருடமாக ஒரு கணக்குப் போட்டுப் பட்டியல் வெளியிடுகின்றன. அதன் பெயர் டைரக்டர்ஸ் கப். இந்த மதிப்புரை அந்தக் கணக்கைப் பற்றியது. அதை மலையகத்து வலயம் ஒன்றில் பாவிக்க நினைக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கானது. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். யோசனைக்கு முழுப் புள்ளி. வெட்டு விழுவது புள்ளி அட்டவணைக்குத்தான்.

கல்லூரி விளையாட்டுப் பணிப்பாளர்களின் சங்கமான நாக்டா 1993-94இல் இதைத் தொடங்கியது. முதல் வருடம் நோர்த் கரோலைனா வென்றது. அடுத்து 1994-95 முதல் 2018-19 வரை, தொடர்ந்து 25 தடவை, ஸ்டான்ஃபோர்ட். 2019-20இல் கொரோனாவால் கிண்ணமே இல்லை. 2020-21இல்தான் டெக்சஸ் அந்தத் தொடரை முறித்தது. ஒரே பெயர் கால் நூற்றாண்டு மேலே நின்றால், அந்தப் பல்கலைக்கழகம் மிகத் திறமையானது என்றும் சொல்லலாம், கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு.

கணக்கின் அடிப்படை நல்லது. பதக்கத்தை எண்ணாமல், தேசியப் போட்டியில் எந்த இடம் வரை போனீர்கள் என்பதற்குப் புள்ளி தருகிறார்கள். 64 அணிகள் மோதும் விலக்கல் முறைப் போட்டியில் சம்பியனுக்கு 100, இரண்டாமிடத்துக்கு 90, அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 83, காலிறுதியில் தோற்றவர்களுக்கு 73, கடைசி 16க்குள் நின்றவர்களுக்கு 64, கடைசி 32க்கு 50, முதல் ஆட்டத்திலேயே வெளியேறியவர்களுக்கு 25.

இந்த ஏழு எண்ணையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பாருங்கள். முதல் வெற்றி 25 புள்ளி கூட்டித் தருகிறது. இரண்டாவது 14, மூன்றாவது 9, நான்காவது 10, ஐந்தாவது 7. இறுதிப் போட்டியை வெல்வது வெறும் 10. ஏணியின் கீழ்ப்படிதான் உயரம். மேல்படிகள் எல்லாம் அதைவிடக் குறுகல். விளைவு: நான்கு விளையாட்டில் போய் நான்கிலும் முதல் ஆட்டத்தில் தோற்றாலும் 100, ஒரே விளையாட்டில் ஆறு ஆட்டம் தொடர்ந்து வென்று கிண்ணம் தூக்கினாலும் 100. ஆக, இந்தக் கணக்கு முதலில் அளப்பது அகலத்தை. ஆழம் பிறகுதான்.

அகலம் என்றால் காசு. அமெரிக்கன் ஃபுட்போலின் மேல்மட்டத்தில் ஆடும் பல்கலைக்கழகம் குறைந்தது 16 விளையாட்டு நடத்தவேண்டும். ஸ்டான்ஃபோர்ட் நடத்துவது 36. ஒரு கட்டுப்பாடு உண்டுதான்: கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவில் 19 விளையாட்டின் புள்ளி மட்டுமே சேரும். அதில் பேஸ்போல், ஆண்கள் கூடைப்பந்தாட்டம், பெண்கள் கூடைப்பந்தாட்டம், பெண்கள் உதைப்பந்தாட்டம், பெண்கள் கரப்பந்தாட்டம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மிச்சம் 14க்கு அவரவர் சிறந்ததை எடுக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 36 வைத்திருப்பவர் சொத்தையானதை எல்லாம் கழித்துப் போட்டுவிட்டு 19ஐப் பொறுக்கலாம். 16 மட்டும் வைத்திருப்பவருக்குக் கழிக்க எதுவும் இல்லை. மூன்று கட்டம் வெறுமையாகவே போகும். 2020 ஜூலையில் செலவு தாங்கவில்லை என்று 11 விளையாட்டை நிறுத்தப் போவதாக ஸ்டான்ஃபோர்டே அறிவித்தது, அடுத்த வருடம் மே மாதம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

அடுத்த குறை, எல்லா விளையாட்டுக்கும் ஒரே தராசு. ஆண்கள் கூடைப்பந்தாட்டத்தில் முதல் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட அணிகள். வாள்வீச்சு, வாட்டர் போலோ, ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றை நடத்தும் கல்லூரிகள் கொஞ்சம்தான். ஆனாலும் சம்பியனுக்கு இங்கேயும் 100, அங்கேயும் 100. போட்டி குறைந்த இடமாகப் பார்த்துக் காசைப் போட்டால் புள்ளி மலிவாகக் கிடைக்கும். 2010-11இல் வந்த கேப்பிட்டல் வன் கப் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்து, விளையாட்டுக்கு ஏற்ப எடையையும் மாற்றிப் பார்த்தது. அந்த ஒரு விசயத்தில் அதுதான் திறம்.

நெடுந்தூர ஓட்டத்திலும் ஒரு ஓட்டை. இலையுதிர் காலத்தில் நாடுகடந்த ஓட்டம், குளிர்காலத்தில் உள்ளரங்க மெய்வல்லுநர், வசந்தத்தில் வெளியரங்கம் என்று மூன்றும் மூன்று விளையாட்டாகக் கணக்கில் வருகின்றன. அதே நாலைந்து ஓட்டக்காரர்கள் மூன்று தடவை புள்ளி கொண்டு வருவார்கள். நம்ம பக்கத்தில் ஏற்றம் ஏறி இறங்கியே கால் பழகிய பிள்ளைகள் இருக்கும் பாடசாலைகளுக்கு இந்த ஓட்டை இனிக்கும். அதற்காக அதை வைத்திருக்க முடியாது.

பாவிப்பதற்கு வசதி எப்படி? இங்கே குறை சொல்ல அதிகம் இல்லை. மூன்று பருவத்துக்கும் பட்டியல் வருகிறது, விளையாட்டு வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள், பார்க்கக் காசு இல்லை. எந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று யாரும் கூட்டிச் சரிபார்க்கலாம். சண்டை வராத பட்டியலுக்கு இதுதான் முதல் தகுதி. பெரியதையும் சின்னதையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பாமல் முதல், இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்குத் தனித்தனிக் கிண்ணம் வைத்திருப்பதும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியது. நமக்கு அது 1ஏபி, 1சி, வகை 2 என்ற பாடசாலை வகைகளாக ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடக்கும் நகரத்துப் பாடசாலையையும், பதினோராம் தரத்தோடு முடியும் தோட்டப் பாடசாலையையும் ஒரே பட்டியலில் நிறுத்துவது வீண் வேலை.

இனி, வலயத்தில் போட்டுப் பார்க்க நினைத்தால்.

அவர்களுடைய புள்ளி எண்களை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். அது 64 அணிக்கு அடித்த அட்டவணை. எட்டு அணி மட்டும் வரும் வலைப்பந்தாட்டத்தில் 'காலிறுதிக்கு 73' என்று போட்டால், பஸ்ஸில் வந்து இறங்கி ஒரு ஆட்டம் தோற்றதற்கே 73. பதினாறு அணிப் போட்டிக்கு 10, 25, 45, 70, 100 என்று வையுங்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் கூடுவது 15, 20, 25, 30. மேலே போகப் போகப் படி பெரிதாகும். எட்டு அணி என்றால் 10, 40, 70, 100.

முதல் சுற்றில் 'பை' கிடைத்து, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போன அணி, அடுத்த ஆட்டத்தில் தோற்றால் 10 மட்டும்தான். ஆடாத ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை. பெயர் கொடுத்துவிட்டு வராத அணிக்கு பூச்சியம். எதிரணி வராததால் வோக்கோவரில் மேலே போன அணிக்கு மட்டும் அந்தச் சுற்றின் புள்ளியைக் கொடுங்கள், எதிரணி வராதது அவர்கள் பிழை இல்லையே. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் கிரவுண்ட் சேறாகி இறுதிப் போட்டியே நடக்காமல் போகும். அப்போது நாணயம் சுண்டிச் சம்பியனைத் தீர்மானித்தாலும், தரப்படுத்தலுக்கு இரண்டு அணிக்கும் சராசரி, அதாவது 85.

எடை போடுவது இப்படி: அந்த விளையாட்டில் ஒரு ஆட்டமாவது ஆடிய பாடசாலைகளின் எண்ணிக்கையை, அந்தப் பிரிவில் வலயத்தில் உள்ள மொத்தப் பாடசாலைகளால் வகுக்கவேண்டும். நாற்பதில் முப்பத்திரண்டு கரப்பந்தாட்டத்துக்கு வந்தால் 0.8, சம்பியனுக்கு 80. சதுரங்கத்துக்குப் பத்து வந்தால் 0.25. இதை அப்படியே விட்டால் புதிய விளையாட்டை யாரும் தொடங்க மாட்டார்கள். ஆகவே 0.5க்குக் கீழே இறக்கக் கூடாது என்று ஒரு தரை வையுங்கள்; சதுரங்கச் சம்பியனுக்கு 50 கிடைக்கும்.

எத்தனை விளையாட்டைக் கூட்டுவது என்பதுதான் உயிர்நாடி. 19 நமக்குக் கனவு. ஒரு பீ.டீ. மாஸ்டரும் சரிவில் வெட்டிய ஒரு கிரவுண்டும் உள்ள பாடசாலை கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், எல்லே, மெய்வல்லுநர், சதுரங்கம், கரம் வரைக்கும் சமாளிக்கும். அதனால் உச்சவரம்பு ஆறு. நீச்சல் தடாகம் உள்ள பாடசாலை நீச்சலைச் சேர்க்கட்டும், ஆனால் ஆறில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான். கட்டாயம் என்று ஒன்றே போதும்: மெய்வல்லுநர். மரதனையும் வீதியோட்டத்தையும் அதற்குள்ளேயே அடக்கினால் மூன்று தடவைப் புள்ளி என்ற ஓட்டை அடைபடும். 16, 18, 20 வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள் வரும் விளையாட்டில் மூன்றையும் கூட்டாமல் சிறந்த ஒன்றை எடுங்கள்.

ஆண், பெண் பட்டியல் தனித்தனியாக இருக்கட்டும். கலவன் பாடசாலை இரண்டிலும் வரும், பெண்கள் பாடசாலை ஒன்றில் வரும். மொத்தமாகக் கூட்டி ஒரே கிண்ணம் கொடுக்கப் போனால் பெண்கள் பாடசாலைகள் பாதிப் புள்ளியோடு நின்று சண்டைக்கு வரும், அந்தச் சண்டையில் நியாயமும் இருக்கும்.

தாளுக்கு எக்செல் போதும். பாடசாலைக்கு ஒரு வரிசை, விளையாட்டுக்கு ஒரு நிரல், மேலே எடை. மெய்வல்லுநர் நிரலைத் தனியே வைத்து, மற்றவற்றில், பெரிய எண்களைப் பொறுக்கித் தரும் லார்ஜ் (LARGE) சார்பால் முதல் ஐந்தை எடுத்து அதோடு கூட்டுங்கள். எடையைப் பருவம் முடிந்த பிறகுதான் பூட்டவேண்டும், இடையில் மாற்றினால் ஏற்கெனவே ஒட்டிய பட்டியல் பொய்யாகிவிடும். முடிவுத்தாளில் இரண்டு அணிப் பொறுப்பாசிரியர்களின் கையெழுத்தும் அன்றைக்கே கிரவுண்டிலேயே விழவேண்டும். பஸ் போன பிறகு அடுத்த சந்திப்பு அடுத்த தவணையில்தான்.