மில்லிங் மெஷினுக்கு லினக்ஸ்சிஎன்சி: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

கோவை கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறையின் சின்ன மில்லிங் மெஷினுக்கு ஒரு பல்ஸுக்கு ஒரு ஸ்டெப் நகரும் ஸ்டெப்பர் மோட்டார் மூன்று மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்தே மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி 2.9 மென்பொருளைப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. காசு கிடையாது. டெபியன் லினக்ஸும், வேலையைக் குறித்த நேரத்துக்குச் செய்ய வைக்கும் ரியல்டைம் கெர்னலும் சேர்ந்தே ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக இறங்கிவிடும். இன்ஸ்டால் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தலைவலி எல்லாம் எந்தக் கம்ப்யூட்டரில் போடுவது என்பதில்தான். முதலில் பையனின் புது லேப்டாப்பை வாங்கி, இதோடு வரும் லேட்டன்சி டெஸ்ட்டை ஓட்டினேன். (மோட்டாருக்குப் பல்ஸ் போக வேண்டிய பாரலல் போர்ட்டே அதில் இல்லை, யூஎஸ்பி கன்வெர்ட்டரும் இதற்கு உதவாது. சும்மா ஒரு ஆசைக்கு.) மோட்டாருக்குப் பல்ஸ் அனுப்பும் நிரல் 25 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை எழ வேண்டும், நொடிக்கு 40,000 தடவை. எவ்வளவு தடுமாறி எழுகிறது என்பதை டெஸ்ட் காட்டும். 15, 20 மைக்ரோசெகண்டுக்குள் இருந்தால் அருமை, 100ஐத் தாண்டினால் ஆகாது என்கிறது கையேடு.

பத்து நிமிடம் 8, 9 என்றே நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 340! ஒரே தடவைதான். ஆனால் பல்ஸ் ஒன்று பிந்தினால் மோட்டார் ஸ்டெப்பை விட்டுவிடும், விட்டது அதற்கே தெரியாது. அதற்குப் பிறகு போடும் ஓட்டையெல்லாம் தள்ளி விழும், ஜாப் குப்பைக்குப் போகும். அதனால் சராசரியைப் பார்க்காதீர்கள், அதிகபட்சத் தடுமாற்றத்தைக் காட்டும் மேக்ஸ் ஜிட்டரை மட்டும் பாருங்கள்.

லேப்டாப்பில் சூட்டையும் பேட்டரியையும் கவனிக்கும் ஃபர்ம்வேர், கெர்னலைக் கேட்காமலே பிராசசரைப் பிடுங்கிக்கொள்ளும். லேத்தில் நிற்கும் பையனை முதலாளிக்குத் தெரியாமல் வீட்டம்மா கடைக்கு அனுப்புகிற கதைதான். ரியல்டைம் கெர்னலே ஆனாலும் அதைத் தடுக்க முடியாது.

அப்புறம் 3,500 ரூபாய்க்கு பாரலல் போர்ட் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கினேன். பயாஸில் ஹைப்பர்த்ரெடிங்கையும் பவர் சேவிங்கையும் அணைத்தேன். ஐசோல்சிபியூஸ் என்ற கெர்னல் செட்டிங்கைப் போட்டு பிராசசரின் ஒரு கோரை ரியல்டைம் வேலைக்கென்றே ஒதுக்கினேன். ஒரு பக்கம் வீடியோ, ஒரு பக்கம் பெரிய ஃபைல் காப்பி என்று ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் பார்த்தால் 14. அன்றைக்கே மெஷினில் மாட்டிவிட்டேன். இதுவரை ஒரு முறைதான் ரியல்டைம் தாமதம் என்று எச்சரிக்கை வந்தது, வேறு கிராபிக்ஸ் கார்டு சொருகியபோது. கழற்றினேன், சரியாகிவிட்டது.

இதோடு வரும் செட்டப் விசார்டான ஸ்டெப்கான்ஃப் அமைத்துத் தருவதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால், எந்த சிக்னல் எங்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கும் ஹால் ஃபைலில் கைவைக்க வேண்டும். ஆக்சிஸை நகர்த்தும் கைக் கன்ட்ரோலான பெண்டன்ட்டை இணைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இன்னும் வேகம் வேண்டும் என்பவர்கள் மெசா கார்டு வாங்கலாம். பல்ஸ் வேலையை அதிலுள்ள எஃப்பிஜிஏ சிப் பார்த்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எழுந்தால் போதும். என் மெஷின் ஓடும் வேகத்துக்கு அது தேவைப்படவில்லை.