சுகவனிதையர் கிளினிக்: அக்காவோடு ஒரு காலை

எங்கள் ஊரில் 35, 45 வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூப்பிடுவார்கள். காசு கட்டத் தேவையில்லை. அக்காவுக்கு 45. இருபது வருடமாக மனநோய்க்குக் குளிசை எடுக்கிறார். பக்கத்து வீட்டு அன்ரிக்குத் திகதி சொன்ன குடும்பநல உத்தியோகத்தர் எங்கள் படலையைத் தாண்டிப் போனார். ஒழுங்கை வரை ஓடிப்போய்க் கேட்டேன். "அவ வரமாட்டா எண்டு நினைச்சன்" என்றார். அவரே அப்படி முடிவெடுத்துவிட்டார். கோபம் வந்தது, ஆனால் திகதி வாங்கிவிட்டேன்.

அந்தத் திகதியும் சரிவரவில்லை. கிளினிக் புதன்கிழமை, அக்காவின் மாத ஊசியும் அதே புதன். இரவுக் குளிசையால் காலை எட்டு மணிக்கு அவருக்குக் கண் திறக்காது. இதைச் சொன்னதும் அடுத்த கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். வெளியில் பதிபவர் கொப்பியைப் பார்த்துவிட்டு என்னிடம், "இவ கதைப்பாவோ?" என்றார். "கதைப்பன், பெயரும் சொல்லுவன்" என்றார் அக்கா.

உள்ளே இருந்த தாதிக்கு முழுப் புள்ளி. திரையை இழுத்துவிட்டு, கருவியை அக்காவின் கையிலேயே கொடுத்துக் காட்டினார். "நோகுதெண்டால் கையைத் தூக்குங்கோ, நிப்பாட்டுறன்." அக்கா இரண்டு தரம் தூக்கினார், இரண்டு தரமும் தாதி நிறுத்தினார். மூன்றாம் தரம் முடிந்தது. வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அக்கா புகையிலையை விட்டு நாளாகிறது, ஆனால் வெற்றிலையும் பாக்கும் விடவில்லை. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று தாதி சொன்னபோது எனக்கும் அது புதுச் செய்தி.

மார்பைச் சோதிக்கும்போதுதான் அக்கா வாய் திறந்தார். சில மாதமாகப் பால் மாதிரிக் கசிகிறதாம், வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மனம் நேரே தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்விட்டது. டொக்டர் கட்டி இருக்கிறதா என்று ஆறுதலாகத் தடவிப் பார்த்தார், இல்லை. ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய்க் குளிசைகள், பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் என்ற ஓமோனைக் கூட்டி இப்படிச் செய்யலாம், ஆனால் நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம் என்றார். இரத்தப் பரிசோதனைக்கு மனநல டொக்டருக்குக் கடிதமும் எழுதித் தந்தார். மாதாமாதம் ஊசிக்குப் போகிற இடத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. அங்கே நித்திரை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, அவ்வளவுதான்.

போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பைகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். கதிரை குறைவு, காற்றாடி ஒன்றுதான்.

பரிசோதனை முடிவு வர ஆறு கிழமை. அதையும் இரண்டு தரம் நான் போய்க் கேட்டுத்தான் வாங்கினேன், பிரச்சினை ஒன்றுமில்லை. வருகிற வருடம் எனக்கு 35. துணைக்கு வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்றும் காட்டித் தந்துவிட்டார்.