சென்சார் தூசி: சர்வீஸுக்குக் கொடுக்கவா, நாமே துடைக்கவா?

தை மாதம் அலங்காநல்லூரில் உட்கார்ந்த இடத்திலேயே மூன்று தடவை லென்ஸ் மாற்றினேன். மாற்றும்போதே மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. வாடிவாசலுக்கு முன்னால் மாட்டுக்கும் பிடிக்கிறவர்களுக்கும் அடிபடாமல் இருக்கத் தேங்காய் நாரைப் பரப்பி வைத்திருப்பார்கள். மாடு நின்று சுற்றி ஒரு கிளறு கிளறினால் நாரும் மண்ணும் ஆள் உயரத்துக்கு எழும்பும். அடுத்த வாரம் ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையைப் பின்னால் வைத்து ஒரு ஜோடிக்கு அவுட்டோர் எடுத்தேன். வானம் பளிச்சென்று நீலம். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அந்த வானம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சாம்பல் புள்ளிகள், மலை உச்சிக்கு மேலே சுருண்டு கிடக்கும் ஒரு நூல். அந்த நூல் தேங்காய் நார்தான், சந்தேகமே இல்லை. லென்ஸ் கழற்றிய நேரத்தில் கேமராவுக்குள் போய், படம் பதியும் சென்சார் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தூசியை ஒழிக்க என்னென்ன வழி உண்டோ எல்லாவற்றையும் ஒரு தடவையாவது பார்த்துவிட்டேன்: கம்ப்யூட்டரில் அழிப்பது, ப்ளோவர் (அமுக்கினால் காற்று ஊதும் ரப்பர் பந்து), ஜெல் குச்சி (நுனியில் ஒட்டும் ஜெல் உள்ளது), ஈர ஸ்வாப் (நுனியில் துணி உள்ள குச்சியில் திரவம் விட்டுத் துடைப்பது), சர்வீஸ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஸ்வாப் கட்சி. அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம் போகும்.

ப்ளோவர் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எல்லோரிடமும் இருக்க வேண்டும். கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு பத்து அமுக்கு அமுக்கினால் பாதித் தூசி போய்விடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் காற்றும் வேண்டாம், சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் திரவம் அப்படியே பீய்ச்சிவிடும். ஆனால் மீதிப் பாதி ப்ளோவருக்கு மசியாது. முகூர்த்தம் முழுக்க ஹோமப் புகை பக்கத்திலேயே நின்று எடுத்த நாளுக்கு அப்புறம் வரும் புள்ளிகளை நான் எவ்வளவு அமுக்கியும் நகர்த்த முடிந்ததில்லை. நெய்ப்பிசுக்கோ என்னவோ, ஒட்டிக்கொள்கிறது.

கம்ப்யூட்டரில் அழிப்பது? மேலூரில் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன் இந்தக் கட்சி. "தம்பி, ரெண்டு புள்ளிக்கா கேமராவைக் கழட்டுவாக? தட்டி விட்டுட்டுப் போய்யா" என்பார். போட்டோவுக்கு அவர் சொல்வது சரிதான். அதுவும் மண்டபத்துக்குள் எஃப் 2.8-இல் எடுக்கும்போது தூசி கண்ணிலேயே படாது, ஏனென்றால் லென்ஸ் அகலத் திறந்திருந்தால் தூசியின் நிழல் கலைந்து கரைந்துவிடும்; எஃப் 16, 22 என்று துளை சுருங்கச் சுருங்கத்தான் அந்த நிழல் கூர்மையாக விழும். எனக்கு இடித்த இடம் வீடியோ. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 100 என்று வைத்துக்கொண்டு நம் ஊர் மத்தியான வெயிலில் நின்றால், வெளிச்சத்தை அடக்க எஃப் 22-இல் கொண்டுபோய் விட்டுவிடும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி, என்டி ஃபில்டர், போட்டால் தப்பிக்கலாம். போட மறந்த அன்று பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வருகிறார்கள், வானத்தில் ஏழெட்டுப் புள்ளி அசையாமல் நிற்கிறது, கேமராவைத் திருப்பினால் கூடவே திரும்புகிறது. போட்டோவில் ஒரு சொடுக்கில் போவது வீடியோவில் ஒரு ராத்திரி வேலை.

ஆகப் போட்டி சர்வீஸுக்கும் ஸ்வாபுக்கும்தான்.

சர்வீஸில் கொடுத்தால் சுத்தமாக வரும், அதை மறுக்க மாட்டேன். நல்ல வெளிச்சம், தூசி இல்லாத அறை, தினமும் இதையே செய்கிற கை. தப்பு நடந்தால் பொறுப்பும் அவர்களுடையது. நம் கைபட்டுக் கீறல் விழுந்தால் வாரண்டியில் கேட்க முடியாது, இது சின்ன விஷயமில்லை. இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன், இரண்டு தடவையும் சென்சாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் அங்கே போவதை விட்டதற்குக் காரணம் நாள் கணக்கு. முதல் தடவை அனுப்பித் திரும்ப வாங்க ஒன்பது நாள் ஆனது. அது ஆவணி மாதம். அந்த ஒன்பது நாளுக்குள் இரண்டு முகூர்த்தம், ஒரு காதுகுத்து. வாடகைக்கு ஒரு கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எடுத்தேன், இரண்டு நாள் வாடகையே ஒரு பெட்டி ஸ்வாப் விலையைத் தாண்டிவிட்டது. சரி, காசு போகட்டும். பழகாத பாடியில் பட்டனைத் தேடிக்கொண்டே தாலி கட்டும் நேரத்தில் நின்றேனே, அதை இப்போது நினைத்தாலும் கை வியர்க்கிறது. இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நம்ம பக்கம் தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். சித்திரையில் அழகர் இறங்கும் வைகை மணல். நடுவே கிராமத்துக் கோயில் திருவிழாக்கள், விபூதி, மஞ்சள், வேட்டுப் புகை. போன வருஷம் மட்டும் எனக்கு ஏழு தடவை சென்சார் துடைக்க வேண்டி வந்தது. ஏழு தடவையும் அனுப்பியிருந்தால், தடவைக்கு ஒன்பது நாள் என்று வருஷத்தில் இரண்டு மாதம் கேமரா என் கையில் இருந்திருக்காது.

நடுவழியாக, ஊருக்குள்ளேயே உட்கார வைத்து அரை மணியில் செய்து கொடுக்கும் கடை ஒன்றையும் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்தபோதே நான் எழுந்திருக்க வேண்டும். பிரஷ் ஓரத்தில் இருந்த கிரீஸைத் தொட்டு சென்சார் நடுவில் இழுத்துவிட்டது. புள்ளியோடு போன கேமரா தீற்றலோடு திரும்பி வந்தது. அந்தத் தீற்றலை எடுக்கத்தான் முதல் ஸ்வாப் பெட்டி வாங்கினேன்.

பயந்துகொண்டே செய்தேன். பிறகுதான் ஒன்று புரிந்தது: நாம் தொடுவது சென்சாரையே இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியை. அதற்காக அலட்சியமாக இருக்கக் கூடாது. வைகை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, ஒரே ஒரு மணலைக் குச்சிக்கு அடியில் வைத்து இழுத்தால் கோடு விழுந்துவிடும். எனவே ஸ்வாபுக்கு முன் ப்ளோவர், இதில் சலுகை இல்லை.

நான் செய்யும் இடம் குளியலறை. சிரிக்காதீர்கள். குளித்து முடித்துக் கால் மணி நேரம் கழித்துப் போனால் அங்கேதான் வீட்டிலேயே தூசி குறைவு, ஈரத்தில் எல்லாம் படிந்திருக்கும். என்ன, ஃபேன் கிடையாது. சித்திரை மாதம் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு, லென்ஸ் மாட்டும் வாயான மவுண்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்ததிலிருந்து தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாரை மறைத்து நிற்கும் மிரரை மெனுவில் போய்த் தூக்கி நிறுத்தித் துடைக்கும்போது பேட்டரி செத்தால், மிரரும் ஷட்டரும் குச்சி மேலேயே விழும்.

குச்சியின் அகலம் சென்சாருக்குச் சரியாக இருக்க வேண்டும்: பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மில்லிமீட்டர், அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சிக்கு 16. நுனியில் திரவம் இரண்டு சொட்டு. முதல் நாள் நான் ஐந்து சொட்டு விட்டேன், காய்ந்ததும் டீ கிளாஸ் வைத்து எடுத்த மாதிரி வளையம். குச்சியைக் கொஞ்சம் சாய்த்து இடது ஓரத்தில் வைத்து, துணி லேசாக வளையும் அளவு மட்டும் அழுத்தி, நிறுத்தாமல் வலது ஓரம் வரை ஒரே இழுப்பு. திருப்பி, மறுபக்கத்தால் வலதிலிருந்து இடது. அவ்வளவுதான், குச்சி குப்பைக்கு. நன்றாகத்தானே இருக்கிறது என்று அதே குச்சியை இன்னொரு தடவை போட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள். மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சால் துடைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், பஞ்சு நூல் விடும்.

பிறகு எஃப் 22-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் எங்கே என்று தேடும்போது, படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே இருக்கும். எதிரே நின்று பார்க்கையில் இடம் வலம் மாறாது. எனக்குப் பெரும்பாலும் இரண்டு குச்சி போதும். மொத்தம் இருபது நிமிஷம், மறுநாள் முகூர்த்தத்துக்குக் கேமரா கையில்.

ஜெல் குச்சி பற்றி நண்பனின் கேமராவில் ஒரே ஒரு தடவை செய்த அனுபவம்தான். முத்திரை குத்துகிற மாதிரி ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும், உதிரித் தூசியை அழகாக எடுத்தது, பிசுக்கில் தோற்றது. எந்தக் கேமராவுக்கு எந்த ஜெல் என்று பார்த்து வாங்க வேண்டும், சோனிக்கென்று தனியாகவே விற்கிறார்கள். உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவிலும் என் கை இன்னும் பழகவில்லை. புதிதாக வாங்கியதை இரண்டு முறைதான் துடைத்திருக்கிறேன், கை நடுக்கத்தைச் சமாளிக்க உள்ளே சென்சார் ஆடும் வகை என்பதால் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன், நன்றாகவே வந்தது. புதுக் கேமரா, வாரண்டி ஓடுகிறது, லென்ஸை அதிகம் கழற்றுவதில்லை என்கிறவர்கள் தாராளமாக சர்வீஸுக்கே போகலாம்.

நானும் அடியோடு விட்டுவிடவில்லை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஒன்பது நாள் என்ன, பதினைந்து நாள் ஆனாலும் கவலையில்லை. பழைய பாடியில் ஷட்டர் சத்தம் கொஞ்ச நாளாகக் கரகரக்கிறது. அதைக் குச்சியால் ஒன்றும் செய்ய முடியாது, ஆடி முதல் தேதி அனுப்புகிறேன்.