பட்டி கய்: 'ஸ்வீட் டீ'யா, 'லிவிங் ப்ரூஃப்'பா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பெயர்பெற்ற கிட்டார் கலைஞர், பாடகர் பட்டி கய். அறுபதைத் தாண்டிய பிறகு அவர் போட்ட ஆல்பங்களில் இந்த இரண்டையும்தான் எதிரெதிரே வைத்துக் கேட்க வேண்டும்: 2001-இல் வந்த 'ஸ்வீட் டீ', 2010-இல் வந்த 'லிவிங் ப்ரூஃப்'. இரண்டுமே வயதைப் பற்றிய பாட்டோடு தொடங்குகின்றன. ஒன்று வயதை ஒப்புக்கொள்கிறது, மற்றது வயதோடு மல்லுக்கு நிற்கிறது.

'ஸ்வீட் டீ'யின் முதல் பாட்டு 'டன் காட் ஓல்ட்', வடக்கு மிஸிஸிப்பிக்காரரான ஜூனியர் கிம்ப்ரோ எழுதியது. டிரம்ஸ் கிடையாது. மின்சாரம் இல்லாத ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், தளர்ந்த குரல், அவ்வளவுதான். சரி, மனுஷர் ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தால், அடுத்த பாட்டில் பேஸ் தரையை அதிரவைக்கிறது, கிட்டார் கிழித்துக்கொண்டு வருகிறது. அதுவும் கிம்ப்ரோவின் பாட்டுதான். கய் பழகியது சிகாகோ பாணி; அங்கே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும்; கிட்டார் தனித்து வாசிக்கும் சோலோ அதைப் பிடித்துக்கொண்டு நகரும். கிம்ப்ரோவின் ஊர்ப் பாணியிலோ ஒரே கார்டு நிமிடக்கணக்கில் சுழலும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கய் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக எதையாவது தேடியாக வேண்டியிருக்கிறது. அந்தத் தேடல்தான் இந்த ஆல்பத்தின் உயிர். 'ஐ காட்டா ட்ரை யூ கேர்ள்' பன்னிரண்டு நிமிடம் ஓடியும் எனக்கு அலுத்ததே இல்லை.

'லிவிங் ப்ரூஃப்' அவருடைய சொந்தக் கதை. பாட்டுகளில் பல, தயாரிப்பாளர் டாம் ஹாம்ப்ரிட்ஜோடு சேர்ந்து எழுதியவை. முதல் பாட்டின் பெயரே '74 இயர்ஸ் யங்'. கிராமி விருதும் வாங்கியது. அப்போது எண்பதைத் தாண்டியிருந்த ப்ளூஸ் மேதை பி.பி. கிங், கய்யோடு சேர்ந்து பாடும் 'ஸ்டே அரவுண்ட் எ லிட்டில் லாங்கர்' நெஞ்சைத் தொடாமல் போகாது. ஆனால் ஒலிப்பதிவு ரொம்பவே பளபளப்பு. சோலோ எங்கே வரும், எவ்வளவு சூடாக வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இடையில் 2003-இல் வந்த 'ப்ளூஸ் சிங்கர்' முழுக்க அக்கூஸ்டிக். நல்ல ஆல்பம்தான், ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாருக்காகக் கய்யைத் தேடி வருபவர்கள் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ப்ளூஸ் பழக்கமில்லாத நண்பருக்கு 'லிவிங் ப்ரூஃப்' கொடுப்பேன். வரிகள் நேராகப் பேசும், பாட்டுகளும் அளவானவை. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் 'ஸ்வீட் டீ'.