நான்கு வருடம், ஐந்து கிளென்ஸ், ஒரே தலைவலி

நேற்று ராத்திரி நண்பன் ஒருவன் மெசேஜ் அனுப்பியிருந்தான். "லீவு முடிஞ்சதுல பேன்ட் பட்டன் மாட்ட மாட்டேங்குதுடா, மூணு நாள் ஜூஸ் கிளென்ஸ் பேக் தள்ளுபடியில வந்திருக்கு, நீதான் வருஷா வருஷம் பண்றியே, வாங்கலாமா?" இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பத்து வரி தாண்டியும் எரிச்சல் தீரவில்லை. சரி, முழுசாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜூஸ் கிளென்ஸ் என்றால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, உடம்பு சுத்தமாகும் என்று பழ, காய்கறிச் சாற்றை மட்டும் குடித்து நாளை ஓட்டுவது. ஒரு நாளைக்கு ஆறு பாட்டில், எந்தக் கலரை எத்தனை மணிக்குக் குடிக்கணும் என்று கணக்கும் உண்டு. நான் இதை நான்கு வருடத்தில் ஐந்து முறை செய்திருக்கிறேன். முதல் இரண்டு முறை ரெடிமேட் பேக். அடுத்த இரண்டு முறை ஸ்லோ ஜூஸர் வாங்கி வீட்டிலேயே பிழிந்தது. ஐந்தாவது, போன மாதம், ஜூஸே இல்லாமல். அந்தக் கதை பிறகு.

முதலில் தலைவலி. முதல் தடவை, முதல் நாள் சாயங்காலம் கண்ணுக்குப் பின்னால் லேசாக ஒரு பாரம். மறுநாள் மத்தியானம் பார்த்தால் மண்டைக்குள் யாரோ அம்மிக்கல் உருட்டுகிற மாதிரி. பேக் விற்றவர்களுக்கே போன் போட்டுக் கேட்டேன். "அது நல்ல அறிகுறி சார், உள்ள இருக்கற நச்சு வெளியேறுது" என்றார் பேசியவர், அவ்வளவு கனிவான குரலில். நம்பினேன். நம்பினது மட்டும் இல்லை, பெருமையாகக்கூட இருந்தது. திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுத்துக்கொண்டு, எத்தனை வருடத்து நச்சோ, போகட்டும் போகட்டும் என்று மனதுக்குள் வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை என் கையால் கழுவி, என் ஜூஸரில் பிழிந்து குடித்தபோதும் அதே தலைவலி, ஏறக்குறைய அதே நேரத்துக்கு. அப்போதுதான் சந்தேகம் வந்தது. முதல் வருடம் விடுமுறையில் பத்து நாள் வாய் மூடாமல் தின்றிருந்தேன். மூன்றாவது வருடம் காய்ச்சலில் கிடந்து பாதி நாள் கஞ்சியில் ஓடியது. நச்சு என்று ஒன்று இருந்தால் தின்றதற்குத் தகுந்த மாதிரி கூடிக் குறைய வேண்டாமா? ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி, டாணென்று இரண்டாம் நாள் மத்தியானம் அது எப்படி வரும்?

பழைய பேக்கோடு வந்த தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: காபி, டீ தவிர்க்கவும். நான் ஒரு நாளைக்கு நான்கு காபி குடிக்கிற ஆள், விடுமுறையில் ஆறு வரைக்கும் போகும். தினமும் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். மருத்துவர்களுக்கு இது பழைய சேதி. மூளையில் அடினோசின் என்ற பொருள் போய் ஒட்டுகிற இடங்களையெல்லாம் இத்தனை நாளாக காபியில் இருக்கும் காஃபீன் அடைத்து வைத்திருந்தது, அது நகர்ந்ததும் அடினோசின் ஒரேயடியாக வேலையைக் காட்டுகிறது, ரத்தக் குழாய் விரிகிறது, மண்டை இடிக்கிறது. இதில் நச்சு எங்கே வந்தது?

நான்காவது தடவை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று சர்க்கரை இல்லாத கடுங்காபியைச் சேர்த்துக்கொண்டேன். தலைவலி இல்லை. துளிகூட இல்லை. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன், அப்புறம் வந்தது பாருங்கள் கோபம். மூன்று தடவையாக, காபி இல்லாத குறைக்கு இருட்டறையில் படுத்து அதைப் புனிதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அந்தக் கனிவான குரல் ஒரே ஒரு கேள்வி, "சார், காபி குடிப்பீங்களா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அதிலிருந்து நச்சு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த நச்சு, அதன் பெயர் என்ன? எந்த பாட்டிலிலும் எழுதியிருப்பதைப் பார்த்ததில்லை. சிறுநீரகம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 180 லிட்டர் வடிகட்டுகிறது, கல்லீரல் லீவே எடுப்பதில்லை, இவற்றுக்கு உதவ ஒரு பீட்ரூட் ஜூஸா? எலுமிச்சைச் சாறும் மேப்பிள் சிரப்பும் மிளகாய்ப் பொடியும் கலந்து குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்று 1940களிலேயே ஸ்டான்லி பரோஸ் என்பவர் சொல்லிவைத்துவிட்டார், ஆக யோசனையும் புதிது இல்லை. நச்சு நீக்குவதாகச் சொல்லும் இந்த டீடாக்ஸ் டயட்டுகளைப் பற்றி 2015-ல் வந்த ஒரு மதிப்பாய்வு, கடையில் விற்கிற எதற்கும் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடந்ததாகவே தெரியவில்லை என்று முடித்திருக்கிறது.

சரி, நியாயமாகவும் பேசணும். எடை இறங்கும். முதல் தடவை மூன்றாம் நாள் மெஷின் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது, நான் அதைப் போட்டோ எடுத்து வைத்தேன். ஏழாம் நாள் பழையபடி ஏறியதை எடுக்கவில்லை. உடம்பில் கிளைகோஜன் என்கிற மாவுச்சத்துச் சேமிப்பு 500 கிராம் போல இருக்கும், ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பாதி கரைந்தாலே மெஷினில் ஒரு கிலோ போச்சு. விடுமுறையில் தின்ற உப்புக்காக உடம்பு தேக்கிய தண்ணீர் வேறு. சாப்பிட ஆரம்பித்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடும். அமெரிக்காவில் 195 பேரை வைத்துச் செய்து 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில் விடுமுறைக் காலத்தில் சராசரியாக ஏறியது 0.37 கிலோதான். ஏறியவர்களோ அதைவிட மடங்குக் கணக்கில் ஏறியதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கொசுறு அடுத்து வந்த மாதங்களில் இறங்கவே இல்லை. ஆக நம் உடம்பில் தங்குவது ஒன்று, கிளென்ஸ் இறக்கிக் காட்டுவது வேறொன்று.

ஜூஸரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிழிவது ஐந்து நிமிடம், வடிகட்டியைத் தேய்ப்பது பதினைந்து நிமிடம். நார்ச்சத்து பெரும்பாலும் சக்கையோடு குப்பைக்குப் போகிறது, சர்க்கரை கண்ணாடி டம்ளருக்கு வருகிறது. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. இன்னொன்று, பீட்ரூட் குடித்த மறுநாள் கழிவறையில் சிவப்பாகப் பார்த்துவிட்டு யாரும் அலறாதீர்கள். நான் அலறினேன். அப்புறம் அம்மா, "நானும் மூணு நாள் இருந்து பாக்கறேனே" என்று ஆரம்பித்தார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், சாப்பாட்டை நிறுத்திவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம் என்று சொல்லித் தடுத்தேன். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கீரை, பீட்ரூட் ஜூஸ் பக்கம் போக வேண்டாம், கல்லாகச் சேரக்கூடிய ஆக்சலேட் இரண்டிலும் நிறைய.

இவ்வளவு திட்டிவிட்டு எதற்கு ஐந்து தடவை செய்தாய் என்று கேட்டால், நான்காம் நாள் காலைக்காக. வெறும் வேகவைத்த உருளைக்கிழங்கு, மேலே ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டேன். உருளைக்கிழங்குக்கு இவ்வளவு வாசனை உண்டு என்று எனக்குத் தெரியாது. பத்து நாள் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமுமாக உள்ளே தள்ளியதில் எந்த வாயும் எனக்கு நினைவில் இல்லை, இந்த ஒரு வாய் நான்கு வருடம் கழித்தும் நாக்கில் நிற்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பசி என்பது ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மயக்கத்தில் விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நான்கு மணிக்கு வயிறு கிள்ளும், நொறுக்குத் தீனி டப்பா இருக்கிற பக்கம் கை தானாகப் போகும், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் நான்கே முக்காலுக்கு அது போயே போய்விடும். கிரெலின் என்ற பசி ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தை ஒட்டி ஏறி, பிறகு தானே இறங்குமாம். இத்தனை வருடமாக நான் நான்கு மணிக்குத் தின்றது பசிக்கு இல்லை, கடிகாரத்துக்கு. இது தெரிந்த பிறகு சாயங்கால நொறுக்குத் தீனி பாதியாகக் குறைந்தது, இன்னும் குறைவாகவே இருக்கிறது.

ஐந்தாவது தடவைக்குத் தயாராகும்போது ஜூஸரின் வடிகட்டி விரிசல் விட்டுவிட்டது. புதிதுக்குச் சொல்லிவைத்தேன், வருகிற வழியாக இல்லை. சரி என்று மூன்று நாளும் சாப்பாட்டையே வைத்து ஓட்டினேன். காய்கறி, பருப்பு, முட்டை, தயிர், முழுப் பழம். மூன்று வேளை, என்ன என்பது முந்தின ராத்திரியே முடிவாகிவிடும், இடையில் ஒன்றும் கிடையாது. காபி உண்டு. தலைவலி இல்லை, எரிச்சல் இல்லை, மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஒரு கிலோ இறங்கியது, அதில் கொஞ்சம் திரும்பி வரவும் இல்லை. எந்தக் கணக்குப் போட்டாலும் ஐந்தில் இதுதான் உருப்படியானது.

ஆனால் சுவாரசியமே இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் அதே உருளைக்கிழங்கை வேகவைத்து, அதே உப்பைத் தூவிச் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

நண்பனுக்குப் பதில் போட்டுவிட்டேன்: வாங்காதே, அந்தக் காசுக்குக் காய்கறி வாங்கு, மீறி வாங்கினால் காபியை மட்டும் நிறுத்தாதே. வடிகட்டி இன்று காலை பார்சலில் வந்தது. மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. கேரட் இரண்டு கிலோ வாங்கிக் கழுவி வைத்திருக்கிறேன், அதை அவனிடம் சொல்லவில்லை.