அன்பவுண்ட் வாங்கலாமா? ஒரு பழைய மோஸ்ட் வாண்டட் ஆளின் பதில்

நீட் ஃபார் ஸ்பீடு கார்ப் பந்தய வரிசையில் வந்த அன்பவுண்ட் ஆட்டம் பெரிய தள்ளுபடியில் கிடக்கிறது, வாங்கவா என்று திருமங்கலத்து நண்பன் கேட்டிருக்கிறான். "மாப்ள, கதையெல்லாம் வேணாம், வாங்கவா வேணாமா, அதை மட்டும் சொல்லு" என்றான். அப்படிச் சொல்ல முடிந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஒரு வருடத்துக்கு மேலாக விட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். நடுவில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி புகைந்து போனது. வேறு மாட்டி வந்ததும் முதலில் ஏற்றியது இந்த ஆட்டத்தைத்தான். ஆனால் இதைத் திட்டாமல் ஒரு ராத்திரியும் ஆடி முடித்ததில்லை.

எத்தனை வண்டி இருக்கிறது, என்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும். நான் சொல்லப்போவது போலீஸைப் பற்றி மட்டும். இருபது வருடமாக இந்த வரிசையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்தத் துரத்தல்தான். இப்போது எரிச்சல் வருவதும் அதனால்தான்.

இந்த வரிசை 1994இல் வந்தபோதே அதில் போலீஸ் இருந்தது. 1998இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில் நாமே போலீஸாக மாறி அடுத்தவனைத் துரத்தலாம். அப்புறம் 2003, 2004இல் வந்த இரண்டு அண்டர்கிரவுண்டிலும் போலீஸே கிடையாது. ராத்திரி, நியான் வெளிச்சம், ஸ்டிக்கர் என்று அது வேறு உலகம். 2005இல் மோஸ்ட் வாண்டட் வந்தபோது போலீஸ் திரும்பி வந்தது. என் வயதுப் பையன்களில் பாதிப் பேர் இந்த வரிசைக்குள் நுழைந்தது அதில்தான்.

எங்களுக்குப் பிடித்துப்போன இடம் சிம்மக்கல் பக்கத்து பிரவுசிங் சென்டர். அங்கே அம்புக்குறி அழிந்துபோன கீபோர்டு. ஏற்றியிருந்தது, அளவைக் குறைக்க வீடியோக்களையெல்லாம் வெட்டி எறிந்த ரிப். அதனால் கதை என்று ஒன்று இருப்பதே பல வருடம் எங்களுக்குத் தெரியாது. அந்த வெள்ளை நீல பி.எம்.டபிள்யூ நம்முடையது, அதை ரேஸர் என்பவன் சூழ்ச்சி செய்து பிடுங்கிக்கொண்டான், கடைசியில் அவனை ஜெயித்து மீட்க வேண்டும் என்பதையெல்லாம் பின்னாளில் யூடியூபில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆடியபோது தெரிந்ததெல்லாம் 15 பேர் கொண்ட பட்டியல், கீழிருந்து ஒவ்வொருத்தனாக முந்திப் போக வேண்டும், அவ்வளவுதான். சேவ் கூட நம்முடையதாக இருக்காது. யாரோ ஒருவன் "கிங்" என்று பெயர் போட்டு அஞ்சாவது ஆள்வரை வந்திருப்பான். ஒரு மணி நேரக் காசுக்கு அவன் விட்ட இடத்திலிருந்து நாம் ஓட்டுவோம். மறுநாள் அவன் வந்து பார்த்துவிட்டு யார் என் வண்டியை விற்றது என்று கத்துவான்.

அந்தக் கதையில்லாத ஆட்டம் எங்களைக் கட்டிப்போட்டது எப்படி என்று யோசித்தால் விடை துரத்தலில்தான் வந்து நிற்கிறது. மோஸ்ட் வாண்டட்டில் போலீஸிடம் சிக்குவது தொல்லையாக இருந்ததில்லை, அதுவே ஒரு வேலை. துரத்தல் நீள நீள பவுண்டி, அதாவது நம் தலைக்கு வைத்த விலை, ஏறும். அடுத்த ஆளைச் சவாலுக்கு இழுக்க, பந்தயங்களை ஜெயித்தால் மட்டும் போதாது, இத்தனை பவுண்டி சேர்த்திருக்க வேண்டும். இத்தனை சாலைத் தடுப்பை உடைத்திருக்க வேண்டும், இத்தனை போலீஸ் வண்டியை இடித்திருக்க வேண்டும், இத்தனை நிமிடம் பிடிபடாமல் ஓடியிருக்க வேண்டும் என்று மைல்ஸ்டோன் எனத் தனித்தனிக் கணக்கும் உண்டு. ஆகவே சும்மா போகிற போலீஸ் வண்டியை நாமே போய் இடித்து வம்பிழுப்போம்.

வரைபடத்தில் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் அங்கே தள்ளிவிட ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர்த் தொட்டியின் காலை இடித்தால் தொட்டி சரியும். டோனட் கடையை இடித்தால் கூரைமேல் இருக்கும் ராட்சத டோனட் உருண்டு வந்து பின்னால் வருகிறவன்மேல் விழும். அதை ஒரு கணம் மெதுவாகக் காட்டுவார்கள், சென்டரில் நாலு நாற்காலிக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ரேடியோவில் போலீஸ்காரர்கள் நம் வண்டியின் நிறத்தைச் சொல்லிப் பேசிக்கொள்வதும், தடுப்பு போடச் சொல்வதும், ஹெலிகாப்டர் எரிபொருள் தீர்ந்து திரும்புவதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். போலீஸ் நம்மேல் எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று காட்டும் 'வெப்பம்' ஐந்தாம் கட்டத்துக்கு ஏறிவிட்டால் கொர்வெட்டுகள் வரும், எதிரில் கனத்த எஸ்.யூ.விக்கள் நேருக்கு நேர் மோத வரும். அப்போது கை வியர்க்கும். கடைசியில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் நுழைந்து வண்டியை நிறுத்தி, மேலே குறுக்கும் நெடுக்கும் போகும் சைரன்களைக் கேட்டுக்கொண்டு காத்திருப்போம். அந்தக் காத்திருப்புக்கு ஈடாக இந்த வரிசையில் பிறகு வந்த எதையும் நான் சொல்ல மாட்டேன்.

நடுவில் வந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 2006 கார்பன் நல்லது, குட்டையானது. 2010 ஹாட் பர்சூட் அருமை, ஆனால் அதில் ஊருக்குள் திரிய மனம் வராது, பந்தயம் பந்தயமாகப் போய்க்கொண்டே இருக்கும். 2012இல் அதே பெயரில் இன்னொரு மோஸ்ட் வாண்டட் வந்தது. இதை நண்பர்கள் கவனித்துக்கொள்ளவும்: இன்றைக்குக் கடையில் மோஸ்ட் வாண்டட் என்று தேடினால் வருவது இதுதான். ஊரில் அங்கங்கே நிற்கும் வண்டிகளிடம் போய் நின்றாலே அவை நம்முடையதாகிவிடும், வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலையெல்லாம் அதில் கிடையாது. 2005 ஆட்டத்தை டிஜிட்டலாக விற்பதே இல்லை. கார்பன், அண்டர்கவர், தி ரன் போன்றவற்றையும் 2021இல் இந்த வரிசையை வெளியிடும் ஈ.ஏ. நிறுவனம் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. நியாயமாகக் காசு கொடுத்து வாங்க நினைக்கும் பழைய ரசிகனுக்கு மிச்சம் பழைய டிஸ்க்தான். அகலத் திரையில் ஓட, ரசிகர்கள் செய்த மாற்றுக் கோப்பையும் தேடிப் போட வேண்டும்.

2015இல் வந்ததைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. எப்போதும் இணையத்தில் இருந்தே தீர வேண்டும், நிறுத்தி வைக்கும் பாஸ் கூடக் கிடையாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும் நாளில் இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடும், ரவுட்டர் ஓடாது, ஆட்டமும் ஓடாது. சாப்பிடக் கூப்பிட்டால் வண்டியை ஒரு சந்தில் ஒதுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். 2017 பேபேக்கில் வண்டியை மேம்படுத்தும் சீட்டு அதிர்ஷ்டத்தில் விழுந்தால்தான் வண்டி வேகம் ஏறும், ஊரில் சும்மா சுற்றும்போது போலீஸும் துரத்தாது. அதை நான் முடிக்கவே இல்லை.

சரி, அன்பவுண்ட். 2022 டிசம்பரில் வந்தது. நியாயமாகப் பேசினால் இதைப் பாராட்ட நிறைய இருக்கிறது. வண்டி கையில் நிற்கும் விதம், வளைவில் வாலைச் சுழற்றி விட்டுப் பிடிக்கும் சுகம், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து டக்கென்று வெடித்து வேகம் கொடுக்கும் அந்தக் குட்டி நைட்ரஸ், எல்லாம் பல வருடத்தில் வராத தரம். சக்கரத்திலிருந்து கார்ட்டூன் புகையும் சிறகும் கிளம்புவதைப் பார்த்து முதலில் முகம் சுளித்தேன். இப்போது அதில்லாமல் ஓட்டப் பிடிக்கவில்லை. லேக்ஷோர் என்ற அந்த ஊர் சிகாகோ சாயலில் கட்டியது. மழை பெய்த ராத்திரியில் அதன் தெருக்கள் மினுங்கும் விதம் அழகு.

அதைவிடப் பிடித்தது பணத்தைக் கையாண்ட முறை. ஆட்டத்துக்குள் வரும் முதல் வாரத்தில் கையில் காசே இருக்காது. பந்தயத்தில் கலந்துகொள்ள நுழைவுப் பணம் கட்ட வேண்டும். முதலிடம் வராவிட்டாலும் மூன்றாவது வந்தாலே ஏதோ கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட எதிராளியை முந்துவேன் என்று பந்தயத்துக்குள் தனியாகப் பந்தயம் கட்டலாம். தோற்றால் மறுபடி தொடங்கும் வாய்ப்பும் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் பயம் இருக்கும். பழைய ஆட்டங்களில் தோற்றால் உடனே ரீஸ்டார்ட் அமுக்கிப் பழகிய கைக்கு இது நல்ல வைத்தியம்.

இனி போலீஸ். பகலில் பந்தயம் ஓடினால் வெப்பம் ஏறும். அந்த வெப்பம் அப்படியே ராத்திரிக்கும் வரும். ராத்திரிப் பந்தயத்தில்தான் பெரிய காசு. ஜெயித்த காசு கராஜுக்குள் போய்ச் சேரும்வரை நம்முடையதில்லை, வழியில் பிடிபட்டால் அத்தனையும் போச்சு. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பிரமாதமான யோசனை. முதல் சில ராத்திரி உண்மையாகவே பிரமாதமாகத்தான் இருந்தது.

பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் கோட்டைத் தாண்டி நூறு மீட்டர் போவதற்குள் போலீஸ் பின்னால் நிற்கும். துரத்தல் நடக்கும்போது அடுத்த பந்தயத்தில் சேர முடியாது, கராஜுக்குள்ளும் நுழைய முடியாது. உதறிவிட்டுத்தான் ஆக வேண்டும். உதறினால் என்ன கிடைக்கும்? அடுத்த பந்தயத்துக்குப் போகலாம். துரத்தலுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி கூலி கிடையாது. பவுண்டி இல்லை, மைல்ஸ்டோன் இல்லை, உருண்டு வர ஒரு டோனட் கூட இல்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் ஓடிய நேரம் நஷ்டக் கணக்குதான். திருமங்கலத்துக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மதுரைக்கு வர ஒவ்வொரு தடவையும் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்ட வேண்டியிருக்கிறதே, அதே கதை. போகிற இடம் அங்கே இல்லை, ஆனாலும் அங்கே நின்று அழுதுவிட்டுத்தான் போக வேண்டும்.

இதில் போலீஸ் பார்க்கும் திசையை வரைபடத்தில் கூம்பு போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அதில் படாமல் சந்து பொந்தாகப் புகுந்து போவதே புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுகிறது. யோசித்துப் பாருங்கள், போலீஸை வம்பிழுக்கத் தேடிப் போன நாங்கள் இப்போது போலீஸைப் பார்த்தால் இண்டிகேட்டர் போடாத குறையாக ஒதுங்கிப் போகிறோம். கோரிப்பாளையத்தில் ஹெல்மெட் இல்லாமல் வருகிறவன் செய்வதைச் செய்ய எனக்கு எதற்கு இவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு?

சிலர் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள்: போலீஸுக்குப் பயப்பட வைப்பதுதான் நோக்கம், பயம் இருந்தால்தான் பணத்துக்கு மதிப்பு. ஒத்துக்கொள்கிறேன். 2019 ஹீட்டில் இதையே சரியாகச் செய்திருந்தார்கள். ராத்திரி ஓடினால் காசில்லை, பேர்தான் சேரும். வெப்பம் ஏற ஏற அந்தப் பேர் பெருகும், பிடிபட்டால் பெருகியது போய்விடும். அங்கே போலீஸைக் கூட்டிக்கொண்டு திரிவதில் ஒரு லாபம் இருந்தது, இன்னும் ஒரே ஒரு பந்தயம் என்ற பேராசை இருந்தது. அன்பவுண்டில் பயத்தை வைத்துக்கொண்டு பேராசையைக் கழித்துவிட்டார்கள். 2024இல் வந்த இலவசச் சேர்க்கைகளில் ஆன்லைனில் போலீஸாகவே ஓட்டும் வழி வந்தது, அது நன்றாகவும் இருந்தது. ஆனால் தனியாக உட்கார்ந்து கதையை ஓட்டுகிறவனுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது இதைச் செய்த கிரைட்டீரியன் நிறுவனம் முழுக்க பேட்டில்ஃபீல்டு என்ற போர் ஆட்டத்தின் பக்கம் போய்விட்டது, அடுத்த ஆட்டம் பற்றிச் சத்தமே இல்லை. யாரிடம் போய் இதைக் கேட்பது?

நேற்று ராத்திரி கூட மூன்று பந்தயம் வரிசையாக ஜெயித்துக் கை நிறையக் காசோடு கராஜுக்குத் திரும்பினேன். வாசல் தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு வண்டி பக்கவாட்டில் இடித்தது, எதிரில் இன்னொன்று, மேலே ஹெலிகாப்டர். ரொம்ப நேரம் ஓடினேன். மேடு பள்ளத்தில் இறங்கினால் துரத்துபவர்கள் குறைவார்கள், அதையும் செய்து பார்த்தேன். கடைசியில் ஒரு பாலத்தடியில் சுற்றி வளைத்துவிட்டார்கள். அத்தனையும் போச்சு. மணி ஒன்றரை, காலையில் வேலைக்குப் போக வேண்டும். 2005இல் இதே மாதிரி பிடிபட்டிருந்தால் அந்தத் துரத்தலைப் பற்றி மறுநாள் முழுக்கப் பேசியிருப்போம். நேற்று எனக்குச் சொல்ல எதுவுமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

ஆகவே பங்காளி, பத்து வருடத்தில் இந்த வரிசையில் வந்ததிலேயே நன்றாக ஓடுவது இதுதான், விலையும் இரண்டு பிரியாணிக்குள் வந்துவிட்டது, வாங்காதே. ஹீட்டும் அடிக்கடி தள்ளுபடியில் வரும், அதை வாங்கு. போன வாரம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன், அடுத்த வாரம் கேட்டாலும் சொல்லலாம். என்னுடையதை அழித்துவிட்டாயா என்று கேட்காதே. ஆட்டத்தில் நாளைக்குச் சனிக்கிழமை, தகுதிப் பந்தயம், நுழைவுப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது.